கலைச்சொல் இழை: ஃபிளாஷ் அட்டைக்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம். மின்சாரம் போனாலும் பதிந்தது அழியாத ஃபிளாஷ் நினைவகத்துக்குக் கையேட்டில் என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> பயிற்சிக் கையேட்டில் 'மின்னல் நினைவகம்' என்றே போட்டுவிடலாமே? கேட்க நன்றாக இருக்கிறது.

நன்றாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் ஒட்டாது. இங்கே சாயங்காலம் ஆனால் இடி மின்னல்தான். மோடம், டிவி, எது கெட்டாலும் "மின்னல் அடிச்சிருச்சு" என்று சொல்லித்தான் கடைக்குத் தூக்கி வருவார்கள். செம்பனை ஆலைக்குப் போகும் பில்லில் 'மின்னல் அட்டை மாற்றப்பட்டது' என்று எழுதினால், கிராணியார் (எழுத்தர்) அன்றைக்கே காப்புறுதிக்கு மனுப் போட்டுவிடுவார்.

'பளிச்சிடு நினைவகம்' என்று வைக்கச் சொன்ன அக்காவுக்கும் ஏறக்குறைய இதே பதில். 1980களில் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா இந்த நினைவகத்தை உருவாக்கினார். ஒரு தொகுதி முழுவதையும் ஒரே வீச்சில் அழிப்பது கேமரா ஃபிளாஷ் போல இருக்கிறது என்று உடன் வேலை பார்த்தவர் வைத்த பெயர் அது. அதாவது, அழிக்கும் வேகத்துக்கு வைத்த பெயர். பெட்டியைக் கழற்றுகிறவனுக்கு முக்கியம், எது அழியாமல் இருக்கும் என்பது. 'நொடி நினைவகம்' இன்னும் மோசம். ஒரு நொடிதான் நிற்குமோ என்று பையன்கள் கேட்பார்கள், கேட்பதும் நியாயம்.

அட்டை மாற்றும் வேலையைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போமே. சிஸ்கோ ஏஎஸ்ஏ 5505 தீயரணை, அதாவது அலுவலக வலையமைப்பைக் காக்கும் ஃபயர்வால் பெட்டியை, எடுத்துக்கொள்கிறேன். (தீயரணா தீச்சுவரா என்று மறுபடியும் தொடங்க வேண்டாம், புண்ணியமாகப் போகும்.) நிறுவனத்தின் ஆதரவு 2022-இல் முடிந்துவிட்டது. ஆனாலும் தோட்டப்புற அலுவலகங்களில் பழைய பெட்டிக்கு அவ்வளவு சீக்கிரம் ஓய்வு கிடைக்காது.

மின்சாரத்தை நிறுத்தி மூடியைக் கழற்றினால் உள்ளே மின்சாரம் இருக்கும்வரை மட்டும் நினைவு நிற்கும் ஒரு ரேம், ஒரு காம்பேக்ட் ஃபிளாஷ் அட்டை. அட்டை 43-க்கு 36 மில்லிமீட்டர். பலகையில் இருக்கும் 50 ஊசிகள் அதன் துளைகளுக்குள் போக வேண்டும். கோணலாகச் செருகினால் ஊசி மடங்கும், அதை நிமிர்த்துவதற்குள் கண் பூத்துவிடும். இயங்குதளப் படிமம் (பெட்டியை ஓட்டும் மென்பொருள் கோப்பு), சேமித்த அமைவு, உரிமச் சாவி எல்லாம் இந்த அட்டையில்தான். அமைவுக் கோப்பைப் பத்திரமாக நகலெடுத்தாலும் சாவி அதில் வராது, அட்டையில் மறைவாக இருக்கும். அதனால் கழற்றும் முன்பே 'ஷோ ஆக்டிவேஷன்-கீ' என்ற கட்டளையைக் கொடுத்து, வரும் சாவியை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சாவி பெட்டியின் வரிசை எண்ணுக்கு உரியது என்பதால் புது அட்டையிலும் அதுவே செல்லும்.

புது அட்டையில் ஒன்றும் இருக்காது. பெட்டி ரொம்மானில் (இயங்குதளம் இல்லாதபோது வரும் அடிப்படைக் கட்டளைத் திரை) போய் நிற்கும். டிஎஃப்டிபி (வலையமைப்பு வழியாகக் கோப்பு அனுப்பும் எளிய முறை) வழியாகப் படிமத்தை இழுத்துக் கொடுத்தால் எழுந்துகொள்ளும், விளக்கெல்லாம் எரியும். இங்கேதான் சங்கதி இருக்கிறது. அப்படி வந்த படிமம் உட்கார்ந்திருப்பது ரேமில். அட்டை இன்னும் காலி. வேலை முடிந்தது என்று மூடியை முடுக்கிவிட்டு ஒட்டுக்கடைக்குத் தே தாரிக் குடிக்கப் போனால், அடுத்து மின்சாரம் போய் வரும்போது அது வெறும் பெட்டி. அட்டையை ஃபார்மட் செய்து, படிமத்தை அதற்குள் நகலெடுத்து, அமைவை ஏற்றி, சாவியை அடித்து, 'ரைட் மெமரி' கொடுத்து, ரீலோட் செய்து, தானாக எழுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம்தான் மூடி.

ரேம், ஃபிளாஷ் அட்டை இரண்டையும் 'நினைவகம்' என்று ஒரே பெயரில் கையேட்டில் எழுதியிருக்கிறோம். பையன் எப்படிப் பிரித்தறிவான்? என் முன்மொழிவு 'நிலைநினைவு அட்டை'. பேச்சில் 'நிலையட்டை'. ரேம் ரேமாகவே இருக்கட்டும்.

ஆங்கிலச் சொல்லை அப்படியே திருப்பவில்லையே என்பவர்களுக்கு ஒன்று. இங்கே 'எண்ணெய்ப் பனை' என்று யார் சொல்கிறார்கள்? செம்பனைதான். சிவந்த குலையைப் பார்த்தவனுக்கு விளக்கமே வேண்டாம்.

—

மறுமொழி, பினாங்கிலிருந்து:

தம்பி, இரண்டு சந்தேகம். ரோமும் (படிக்க மட்டுமேயான நினைவகம்) மின்சாரம் போனால் அழியாதே, அதுவும் 'நிலை'தானே? அப்புறம், என் வகுப்பில் தோட்டத்துப் பிள்ளைகள் அட்டை என்றதும் காலைத் தடவிப் பார்க்கிறார்கள். 'வில்லை' என்று வைத்தால் என்ன?

—

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். ரோமும் நிலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைக் கழற்றிக் கையில் எடுக்கப்போவதில்லை. 'அட்டை' என்ற பாதி அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். வில்லை ஏற்கெனவே மருந்துக் கடையிலும் கண்ணாடிக் கடையிலும் வேலையாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு, அடையாள அட்டை இதுவரை யாரையும் கடித்ததில்லை என்று சொல்லுங்கள் ஐயா.

வெள்ளிக்கிழமைக்குள் வேறு மறுப்பு வராவிட்டால் கையேட்டில் நிலையட்டை என்று திருத்திவிடுகிறேன். ஃபார்மட்டுக்கு 'வடிவூட்டல்' வேண்டுமா என்பதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். அதில் எனக்குச் சண்டை இருக்கிறது.