அமெரிக்க ஏழையர் இல்லங்கள்: உள்ளே போனவர்கள் வெளியே வர முடிந்ததா?

கேள்வி:
ஹெலன் கெல்லரின் ஆசிரியை ஆன் சல்லிவன், தாயை இழந்து தந்தையாலும் கைவிடப்பட்ட நிலையில், 1876-இல் தம்பி ஜிம்மியுடன் ஆதரவற்றோரைப் பொதுச் செலவில் தங்கவைத்த, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டூக்ஸ்பரி ஏழையர் இல்லத்தில் சேர்க்கப்பட்டதாகவும், சில மாதங்களிலேயே தம்பி அங்கு இறந்ததாகவும் படித்தேன். அங்கிருந்தவர்கள் கைதிகளைப் போல அடைத்து வைக்கப்பட்டிருந்தார்களா? அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
பெரும்பாலோர் கைதிகள் அல்லர். விரும்பினால் வெளியேறலாம், போக்கிடம் இருந்தால். குளிர்காலத்தில் வேலை நின்றுபோனதும் கூலியாட்கள் வந்து சேர்வதும், பனி உருகியதும் கிளம்பிவிடுவதும் வட மாநிலங்களில் வழக்கமாக இருந்தது.

இந்த இல்லங்கள் பெருகியதற்கு இரக்கத்தைவிடச் சிக்கனமே பெரிய காரணம் என்பது என் கருத்து. அதற்கு முன் பல ஊர்களில், ஓர் ஏழையை வைத்துப் பராமரிக்க ஊர்ப்பணத்திலிருந்து யார் மிகக் குறைந்த தொகை கேட்கிறாரோ, அவரிடமே அந்த ஏழையை ஏலத்தில் ஒப்படைத்து வந்தனர். 1824-இல் நியூயார்க் மாநிலம் இயற்றிய சட்டத்தைத் தொடர்ந்து, பண்ணையோடு கூடிய இல்லங்கள் கவுண்டிகளில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகளில்) எழுந்தன. ஆண்கள் நிலத்தில் பாடுபட்டு விறகு வெட்ட, பெண்கள் சமையல், சலவை, தையல் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டால், இல்லம் தன் செலவைத் தானே பெருமளவு ஈடுகட்டும் என்று கணக்கிட்டார்கள். வந்து சேர்ந்தவர்களில் மிகப் பலர் முதியோரும் நோயாளிகளும் கைக்குழந்தையோடு நின்ற பெண்களுமாக இருந்ததால் அந்தக் கணக்குப் பொய்த்தது.

மறுமொழி 2:
‘வெளியேறலாம்’ என்பது மனநோயாளிகளுக்குப் பொருந்தாது. அவர்களைக் கூண்டுகளிலும் நிலவறைகளிலும் சங்கிலியிட்டு, சில இடங்களில் ஆடையின்றி, வைத்திருந்ததை, மனநோயாளிகளுக்காகப் போராடிய சீர்திருத்தவாதி டோரதியா டிக்ஸ் நேரில் சென்று கண்டு, 1843-இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்திற்கு ஊர் ஊராக எழுதிக் கொடுத்தார். நியூயார்க் செனட் குழு 1857-இல் அளித்த அறிக்கையோ, சில இல்லங்களில் இருந்தவர்களைவிட வீட்டு விலங்குகள் மனிதத்தன்மையோடு பராமரிக்கப்படுவதாகக் கூறியது.

இறந்த பிறகும் அச்சம் தீரவில்லை. பொதுச் செலவில் புதைக்க வேண்டிய உடல்களை மருத்துவர்களின் உடற்கூற்றியல் பயிற்சிக்கு ஒப்படைக்க மாசசூசெட்ஸ் 1831-லேயே சட்டம் இயற்றியிருந்தது. எவ்வளவு வறுமையிலும் முதியோர் இந்த இல்லங்களின் பெயரைக் கேட்டே நடுங்கியதற்கு, சோற்றின் தரத்தைவிட இது பெரிய காரணமாக இருந்திருக்கும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பிள்ளைகளையும் இவர்களோடுதான் வைத்திருந்தார்களா?

மறுமொழி 3:
ஆம், பல இடங்களில் நோயாளிகளும் மனநோயாளிகளும் இருந்த அதே கூரையின் கீழ்தான். நியூயார்க் 1875-இல்தான் 3 முதல் 16 வயது வரையிலான நலமுள்ள பிள்ளைகளை அங்கே வைப்பதைத் தடை செய்தது. அவர்கள் அனாதை இல்லங்களுக்கும் வளர்ப்புக் குடும்பங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். ஆனால் பிள்ளையோடு தஞ்சம் தேடி வந்த தாய்க்கு இந்தச் சட்டம் தந்தது வேறு துயரம்: உள்ளே இடம் வேண்டுமானால் அவள் பிள்ளையைப் பிரிய வேண்டியிருந்தது.