பரோடிட் எடுத்த இடத்தில் குழி: கொழுப்பு வைப்பதா, ஃபில்லரா?

வலக்கன்னம்:
வலது பரோடிட் சுரப்பியில் (காதுக்கு முன்னால் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பி) ப்ளியோமார்ஃபிக் அடினோமா என்ற கட்டி. புற்றுநோய் இல்லை. சுரப்பியின் மேல்பகுதியோடு கட்டியை எடுத்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. முக நரம்பு தப்பியது, கண் முழுதாக மூடுகிறது, சிரித்தால் வாய் கோணவில்லை. ஆனால் காது மடலுக்குக் கீழே, தாடை எலும்புக்குப் பின்னால், கட்டைவிரல் பதிகிற மாதிரி ஒரு குழி. பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் அங்கே நிழல் விழுகிறது. சாப்பிடும்போது அந்தப் பக்கம் மட்டும் வியர்க்கிறது வேறு. சர்ஜனிடம் கேட்டால், "கட்டி போச்சே, அப்புறம் என்ன?" என்கிறார். நிரப்பிக்கொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பழைய தையல்:
நான் கொழுப்பு வைத்துக்கொண்டேன். வயிற்றில் உறிஞ்சி, சுத்தம் செய்து, மெல்லிய குழாயால் துளித்துளியாக வைத்தார்கள். ஒரு பகுதியை உடம்பு கரைத்துவிடும் என்பதால் கொஞ்சம் கூடவே வைப்பார்கள். ஆரம்பத்தில் கன்னம் உப்பித் தெரியும், பயப்படாதீர்கள். சில மாதம் கழித்து மிஞ்சுவதுதான் கணக்கு. எனக்குப் பாதிக்கு மேல் நின்றது. அதுவே போதும் என்று விட்டுவிட்டேன். சிலருக்கு இன்னொரு முறை தேவைப்படும். வயிறுதான் கன்னிப்போய் கன்னத்தைவிட அதிகம் வலித்தது! எடை கூடினால் அந்தக் கன்னமும் பருக்கும், வயிற்றுக் கொழுப்பு அல்லவா.

டிரெஸ்ஸிங் ரூம்:
பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் நர்ஸாக இருக்கிறேன். ஹையலூரானிக் அமில ஃபில்லர், அதாவது தோலுக்கடியில் ஊசியால் நிரப்பும் ஜெல், நிரந்தரம் அல்ல, திரும்பத் திரும்பப் போட வேண்டும். பிடிக்காவிட்டால் ஊசி போட்டுக் கரைக்கலாம் என்பது ஒரு வசதி. ஆழமான குழிக்கு அது கட்டுப்படியாகாது என்பது என் எண்ணம். கழுத்துத் தசையைத் திருப்பி மூடுவதைப் பெரும்பாலும் கட்டி எடுக்கும்போதே செய்துவிடுவார்கள். தொடைச் சதையை ரத்தக்குழாயோடு எடுத்து இணைப்பது சுரப்பி முழுவதும் போனவர்களுக்கு, உங்களுக்கு வேண்டியிருக்காது. கதிர்வீச்சு கொடுத்த இடத்தில் கொழுப்பு சரியாகப் பிடிக்காது, நீங்கள் அதைச் சொல்லவில்லை.

வியர்ப்பது ஃப்ரே சிண்ட்ரோம். உமிழ்நீர் சுரக்கச் சொன்ன நரம்பு, வெட்டுப்பட்டபின் தவறி வளர்ந்து தோலின் வியர்வைச் சுரப்பியோடு சேர்ந்துவிடுகிறது. போடாக்ஸ் போட்டால் பல மாதம் அடங்கும்.

வலக்கன்னம்:
நன்றி. கொழுப்பு வைத்த இடத்தில் கட்டி திரும்ப வந்தால் தெரியாமல் போய்விடுமா?

டிரெஸ்ஸிங் ரூம்:
நல்ல கேள்வி. இந்தக் கட்டி பல வருடம் கழித்தும் திரும்பலாம். அதனால் நிரப்புவதற்கு முன்பே ஒரு எம்ஆர்ஐ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்கேனுக்குப் போகும்போதெல்லாம் எந்தப் பக்கம், என்ன வைத்தது என்று ரேடியாலஜிஸ்டிடம் சொல்லிவிடுங்கள். வைத்த கொழுப்பில் சிறு உருண்டைகள் கட்டுவதுண்டு, கையில் பட்டால் பதற்றமாக இருக்கும். பழைய படம் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

பழைய தையல்:
எனக்கும் ஒரு உருண்டை தட்டுப்பட்டது. ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள், வெறும் கொழுப்பு.