பெசாக் முடியும் இரவில் சமையலறையை எந்த வரிசையில் மாற்றுவது?

கேள்வி

வணக்கம். எருசலேமில் 82 வயது அம்மையார் ஒருவரின் வீட்டிலேயே தங்கி, மூன்றாம் ஆண்டாக அவரைப் பராமரித்து வருகிறேன். அஷ்கெனாசி, அதாவது ஐரோப்பிய வழி யூதக் குடும்பம், ஆசாரத்தில் மிகவும் கண்டிப்பானவர்கள். பெசாக், அதாவது பஸ்கா பண்டிகையின் ஏழு நாளும் புளித்த மாவுப் பண்டங்களை மூடி வைத்துவிட்டு, அதற்கென்றே உள்ள தனிப் பாத்திரங்களில் சமைப்பார்கள். சென்ற ஆண்டு பெசாக்கின் ஏழாம் நாள் மாலை, வானில் மூன்று நட்சத்திரங்கள் தெரிந்ததும் விடுமுறை முடிந்துவிட்டது என்று எண்ணி, ஒட்டுநாடா போட்டு மூடியிருந்த அலமாரியைத் திறந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துவிட்டேன். அம்மையாரின் மகள் கோபிக்கவில்லை. ஆனால் முகம் வாடிவிட்டது, பொட்டலத்தை வாங்கித் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். இந்த ஆண்டு அவர் ஊரில் இருக்கமாட்டார் என்பதால் சமையலறையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வேலை முழுவதும் என்னுடையது. எதை முதலில் செய்வது, மீந்த மட்சாவை (பெசாக்கில் உண்ணும் புளிக்காத ரொட்டி) என்ன செய்வது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1

சகோதரி, விடுமுறை முடிவது வேறு, அலமாரி திறப்பது வேறு. பெசாக்குக்கு முன்பே அவர்கள் தங்களிடமுள்ள ஹமெட்ஸை, அதாவது புளித்த மாவுப் பண்டங்களை, ரபி (யூத மதகுரு) மூலமாக யூதரல்லாத ஒருவருக்கு முறைப்படி விற்றுவிடுகிறார்கள். ஆகவே நீங்கள் எடுத்த பிஸ்கட் அந்த நேரத்தில் அம்மையாருடையதே அன்று. நட்சத்திரம் தெரிந்தபின் ரபி அதைத் திரும்ப வாங்க வேண்டும். அதற்கென்று ஒரு மணி நேரமோ சற்றுக் கூடுதலாகவோ காத்திருக்கச் சொல்வார்கள். எவ்வளவு நேரம் என்பதை அவர்களுடைய ரபியிடம் முன்னதாகவே கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.

அந்த ஒரு மணி நேரம்தான் உங்களுக்கு வேலை நேரம். விடுமுறை நாளில் மறுநாளுக்காக எதையும் ஆயத்தம் செய்வது அவர்களுக்கு விலக்கு என்பதால், கடைசி உணவின் பாத்திரங்கள் கழுவாமல் தொட்டியில் குவிந்திருக்கும். நாமாகவே முன்வந்து கழுவினாலும் சில வீடுகளில் விரும்புவதில்லை, பொறுத்திருப்பதே நல்லது. இருட்டியபின், வீட்டுக்குள் ஒரு துண்டு ரொட்டிகூட வருவதற்கு முன்பாக, பெசாக் பாத்திரங்கள் அனைத்தையும் பெசாக்குக்கென்று வைத்திருந்த பஞ்சாலேயே கழுவுங்கள். நன்றாக உலர்ந்த பிறகே பெட்டியில் அடுக்குங்கள். ஈரத்தோடு மூடினால் அடுத்த ஆண்டு திறக்கும்போது பூசண வாடை அடிக்கும், எனக்கு ஒருமுறை அப்படி ஆனது. இறைச்சிக்கும் பாலுக்கும் தனித்தனிப் பெட்டி, மேலே எபிரேயத்தில் 'பசாரி', 'ஹலாவி' என்று எழுதிய சீட்டு. பெட்டிகள் பரண் ஏறியபின் மேடையில் விரித்த அலுமினியத் தாளை உரியுங்கள், அதன்பின் அலமாரி.

மறுமொழி 2

மேலே சொன்னது அஷ்கெனாசி வீட்டுக்குச் சரி. நான் இருப்பது மொரோக்கோவிலிருந்து வந்த குடும்பத்தில். இங்கே காலைவரை நிதானமாக அடுக்கிக்கொண்டிருக்க முடியாது. அன்று இரவே மிமூனா, பெசாக் முடிந்ததும் மொரோக்கோ யூதர்கள் கொண்டாடும் விழா. கதவைத் திறந்து வைத்துவிடுவார்கள், அக்கம்பக்கத்தார் வந்துகொண்டே இருப்பார்கள், புதிதாகப் பிசைந்த மாவில் முஃப்லெட்டா என்னும் மெல்லிய அப்பம் சுட்டு, சூடு ஆறுமுன் வெண்ணெயும் தேனும் தடவித் தருவார்கள். எனவே நாங்கள் பெசாக் பாத்திரங்களைக் கழுவி, உள் அறையில் துணி போர்த்திப் பூட்டிவிட்டு, பரணில் ஏற்றுவதை மறுநாளுக்கு வைத்துக்கொள்கிறோம். சூடான முஃப்லெட்டா தவறுதலாக ஒரு பெசாக் தட்டில் விழுந்தால் அடுத்த ஆண்டு அந்தத் தட்டை எடுக்க யோசிப்பார்கள்.

இன்னொன்று: ஏழாம் நாள் வெள்ளிக்கிழமையில் வந்தால் உடனே ஓய்வுநாள் தொடங்கிவிடும். 2022இல் அப்படித்தான் ஆயிற்று. ஏப்ரல் 22 வெள்ளியோடு பெசாக் முடிந்தும், சனி இரவுவரை அலமாரியைத் தொடவில்லை.

மறுமொழி 3

மட்சாவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அது புளிக்காதது, ஆகவே ஆண்டு முழுவதும் வைத்துச் சாப்பிடலாம், எறிய வேண்டியதில்லை. எங்கள் வீட்டுத் தாத்தா அதை நீரில் நனைத்து, முட்டையில் தோய்த்துப் பொரித்துக் கேட்பார். மீந்த எண்ணெயும் உப்பும் அப்படியே அன்றாடப் புழக்கத்துக்கு வந்துவிடலாம்.

கவனம் வேண்டியது கடையில்தான். பெசாக் நாள்களில் யூதர் ஒருவரின் உடைமையாகவே இருந்த ஹமெட்ஸை, பெசாக் முடிந்த பிறகும் அவர்கள் உண்ணமாட்டார்கள். ஆகவே ரொட்டியோ மாவோ வாங்கும்போது, முறைப்படி விற்றதற்கான சான்றிதழ் கடையில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. அம்மையாரிடம் இன்று பேசினேன். ரபியிடம் கேட்டு, நட்சத்திரம் தெரிந்து ஒன்றேகால் மணி நேரம் என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டார். கீழே, 'பிஸ்கட்டுக்கும் சேர்த்து' என்று சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார்.