தாண்டுபல்னு வச்சா என்ன?

எல்லாருக்கும் வணக்கம். லேட்டா வந்து மூக்கை நுழைக்கிறேன், கிளினிக்ல கூட்டம், மன்னிச்சுக்கோங்க. டிரான்ஸ்மைக்ரேஷன் ஆன பல்லுக்குத் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்னு ரெண்டு நாளா இங்க பேசிக்கிட்டு இருக்கோம்ல, அதுக்குத்தான்.

அண்ணன் போட்ட "இடம்பெயர் பல்" எனக்கு ஒத்துவரலைங்க. ஒரு பல்லைப் புடுங்கிட்டா பக்கத்துப் பல்லு அந்த இடத்துக்கு சாஞ்சு நகருது, ஈறு நோய் முத்துனவங்களுக்கு முன்பல்லு விசிறி மாதிரி விரியுது, அதுவும் இடம்பெயர்றதுதானே. டிரான்ஸ்மைக்ரேஷன்னா அது இல்ல. முளைச்சு வெளியவே வராத பல்லு, எலும்புக்குள்ளயே நகந்து நகந்து தாடையோட நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போயிடுது, பெரும்பாலும் கீழ்த்தாடைக் கோரைப்பல்தான் இந்த வேலையைப் பண்ணும். அபூர்வம்தான், ஆனா வரும்.

போன மாசம் 26 வயசுப் பொண்ணு ஒண்ணு, கீழ வலது பக்கம் ஒரு பால்பல் இன்னும் விழலைன்னு வந்துச்சு. வலியும் கிடையாது வீக்கமும் கிடையாது. 9, 10 வயசுல முளைச்சிருக்க வேண்டிய கோரைப்பல் எங்கடான்னு ஓபிஜி எக்ஸ்ரே (ரெண்டு தாடையும் ஒரே படத்துல தெரியுமே, அது) எடுத்துப் பாத்தா, முன்பல்லு வேருக்கெல்லாம் கீழ, தாடையோட அடி விளிம்பை ஒட்டி, பாய் போட்டுப் படுத்த மாதிரி குறுக்கால கிடக்கு, தலை இடது பக்கம் எட்டிப் பாக்குது. படத்தைப் பாத்த அவங்க அம்மா கேட்டாங்க, "அந்தப் பக்கம் தாண்டிருச்சா டாக்டர்?" நாம ரெண்டு நாளா இங்க மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கற வார்த்தையை அந்தம்மா போறபோக்குல சொல்லிட்டாங்க!

இங்க வந்த மத்த பேர்கள்ல "வலசைப் பல்" வேணாம், வலசை போன பறவை திரும்பி வரும், இது வராது. "புலம்பெயர் பல்" கேக்க அழகுதான், ஒரு விதத்துல கச்சிதமாவும் பொருந்துது, ஏன்னா பல்லு எங்க போய்க் கிடந்தாலும் அதுக்கான நரம்பு கிளம்புன பக்கத்துலருந்துதான் வருது, குடும்பத்தோட வேற ஊருக்குப் போயும் ரேஷன் கார்டு மட்டும் பழைய ஊர்லயே கிடக்குமே அந்த மாதிரி. அதனால வலதுலருந்து இடதுக்குப் போன பல்லை எடுக்கணும்னா இடது பக்கம் மட்டும் மரத்துப்போற ஊசி போட்டா பத்தாது, பல்லுக்கு வலது பக்கம் போடணும், சுத்தியிருக்கற எலும்பு ஈறுக்கு இடது பக்கமும் போடணும். ஆனாலும் புலம்பெயர்ந்தவங்கன்னு சொல்றப்ப இருக்கற கனத்தை ஒரு பல்லு தலையில ஏத்த எனக்கு மனசு வரல.

அதான் தாண்டுபல். சுடுசோறு, ஊறுகாய் மாதிரி வினைத்தொகை: தாண்டிய பல், தாண்டுகின்ற பல், தாண்டும் பல் மூணுமே உள்ள அடங்கிடும். இது வெறும் இலக்கண ஜம்பம் இல்லைங்க. எதை டிரான்ஸ்மைக்ரேஷன்னு சொல்றதுங்கறதுல ஆராய்ச்சிக்காரங்களே ஒத்துப்போகலை: 1985ல ஜாவித்ங்கறவர், பல்லோட நீளத்துல பாதியாவது நடுக்கோட்டைத் தாண்டியிருக்கணும்னாரு, 2001ல ஜோஷிங்கறவர், எவ்வளவு தூரம் போச்சுங்கறதை விட தாண்டப் பாக்குற போக்குதான் முக்கியம்னு எழுதுனாரு. 2002ல முப்பரப்புங்கற ஆராய்ச்சியாளர் பிரிச்ச அஞ்சு வகையில கடைசி வகைப் பல்லு நடுக்கோட்டு மேலயே செங்குத்தா நிக்கும், அந்தப் பக்கமும் இல்ல இந்தப் பக்கமும் இல்ல. "தாண்டிய பல்"னு இறந்தகாலத்துல வச்சா இதெல்லாம் வெளிய நிக்கும்.

தாண்டுறதுன்னா குதிக்கிற மாதிரி இருக்கு, இது ஊர்ந்துல்ல போகுதுன்னு யாராவது கேப்பீங்க. ஆமா, வருஷக்கணக்குல ஊருது. ஆனா ஊர்ற பல்லெல்லாம் தாண்டுறது இல்லையே, கோட்டைத் தாண்டுறதுதான் இங்க சங்கதி. சும்மா உள்ள சிக்கிக் கிடக்கறதுக்கு ஏற்கெனவே பேசுன "புதைபல்" இருக்கட்டும், அதுல எனக்குத் தகராறு இல்ல.

நோயாளிகளுக்குக் குடுக்கற தமிழ் நோட்டீஸ் வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்குப் போகுது, தாண்டுபல்லை விடப் பொருத்தமான சொல் இருந்தா அதுக்குள்ள போடுங்க, மாத்திடறேன்.