மேடை லைட்டில் முகத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை, வீடியோவில் சத்தமும் கெட்டுப்போகிறது. என்ன செய்வது?

கேள்வி:
வணக்கம். போன வாரம் நண்பர்களின் இசைக்குழு ஒரு சின்ன அரங்கத்தில் வாசித்தார்கள், போட்டோவும் வீடியோவும் நான்தான் எடுத்தேன். பாட்டுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று சத்தமே வராத எலக்ட்ரானிக் ஷட்டரில் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதிப் படங்களில் பாடகியின் முகத்துக்குக் குறுக்கே பட்டைகள். நெற்றி தெரிகிறது, கண் இருட்டில், வாய் மறுபடி வெளிச்சத்தில். ஷட்டர் 1/500, ஐஎஸ்ஓ 6400. வீடியோவில் டிரம்ஸ் அடிக்கும்போதெல்லாம் குரல் அமுங்கிப்போய் அப்புறம் மெல்ல மேலே வருகிறது. இரண்டு வாரத்தில் அடுத்த நிகழ்ச்சி. கேமராவையே மாற்ற வேண்டுமா?

பதில் 1:
மாற்ற வேண்டாம். எல்இடி லைட் நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகிறது. எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் வரிவரியாகப் படிக்கிறது, பல கேமராக்களில் மேலிருந்து கீழே வர 1/30 நொடி வரைகூட ஆகும், அதற்குள் லைட் பல முறை அணைந்துவிடுவதால் அந்தந்த வரிகள் கறுத்துவிடுகின்றன. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/100க்கு வாருங்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும், 1/100ல் ஒரு முழு மினுக்கல் ஷட்டருக்குள் அடங்கிவிடும், அதனால்தான் அந்தக் கணக்கு. 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/125. ஆனால் டிம் செய்த மேடை லைட்டுகள் பல தன் போக்கில் மினுக்கும், அங்கே இந்தக் கணக்கு செல்லாது, முதல் பாட்டிலேயே நாலு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.
1/100ல் முகம் கலங்குமே என்று பயம் வரும். பாடகி ஒரு வரியை முடித்து மூச்செடுக்கிற நொடியில் முகம் அசையாமல் நிற்கும், அப்போது அழுத்துங்கள். டிரம்ஸ் குச்சி கலங்கினால் கலங்கட்டும், எனக்கு அதுதான் பிடிக்கும்.

பதில் 2:
மெக்கானிக்கல் ஷட்டர் சரிதான், ஆனால் மெதுவான பாட்டில் அந்த 'டக்' முன்வரிசை முழுக்கக் கேட்கும். அங்கே கேமராவை இறக்கிவிடுங்கள், தாளம் ஏறும்போது எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, முழுச் சிவப்பு அல்லது நீல லைட் விழும்போது அந்த ஒரு நிறம் மட்டும் வெடித்துப்போய் முகம் தட்டையாகிவிடும். சாதா ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) இது தெரியாது, சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராம் பாருங்கள். ரா-வில் (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுங்கள்.

பதில் 3:
சத்தத்துக்கு: அது ஆட்டோ கெயின் வேலை, சத்தம் கூடினால் கேமரா தானாகவே ஒலிப்பதிவு அளவைக் குறைத்து, பிறகு மெல்ல ஏற்றும். அணைத்துவிட்டு, மிகச் சத்தமான இடமே -12 டெசிபலைத் தாண்டாதபடி கையால் லெவல் வையுங்கள். மிக்சரிலிருந்து (மேடை மைக்குகளின் ஒலியைச் சேர்க்கும் கருவி) நேரடியாக ஒரு லைன் கேட்டு வாங்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். சின்ன அரங்கத்தில் டிரம்ஸ் தானாகவே போதுமான சத்தம் என்பதால் மிக்சர் வழியாகப் பெரும்பாலும் குரல்தான் வரும். அரங்கத்தில் ஒரு ரெக்கார்டரும் வைத்து இரண்டையும் கலந்தால்தான் அங்கே உட்கார்ந்து கேட்டது போல இருக்கும். ஒத்திசைக்கும்போது கவனம்: மேடையிலிருந்து 17 மீட்டர் தள்ளி வைத்தால் ஒலி 0.05 நொடி தாமதம், 25 பிரேம் வீடியோவில் ஒரு பிரேமுக்கும் மேல்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி, சவுண்ட் செக் நேரத்திலேயே போய்ப் பார்த்துவிடுகிறேன். மிக்சர் லைனை ரெக்கார்டரின் மைக் இன்புட்டில் செருகலாமா?

பதில் 3:
கூடாது, உடைந்துபோன சத்தம்தான் வரும், பிறகு சரிசெய்யவும் முடியாது. மெனுவில் இன்புட்டை 'லைன்' என்று மாற்றிவிட்டுச் செருகுங்கள்.