புதுப்பிப்பு: எண்ணூர்–மணலி ஈரநிலப் பட்டியல்

எண்ணூரிலிருந்து மணலி வரை உள்ள ஈரநிலங்களைப் பட்டியலிடுகிறேன், தெரிந்த இடங்களைச் சொல்லுங்கள் என்று முன்பு கேட்டிருந்தேன். எழுதிய எல்லோருக்கும் நன்றி. கடப்பாக்கம் ஏரி பட்டியலில் ஏறிவிட்டது. மாதவரம் ஏரியும் ரெட்டேரியும் வரம்புக்கு வெளியே, ஆனாலும் கேட்டவர்களுக்காகச் சேர்த்தாயிற்று.

வேலையை இழுத்தடிப்பதெல்லாம் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய சேற்றுநிலம்தான். கடல் ஏற்றத்தில் தண்ணீர், வற்றத்தில் சேறு. எல்லைக் கோடு எங்கே போடுவது? செயற்கைக்கோள் படத்தில் வெறும் பொட்டலாகத் தெரிந்த திட்டில் நேரில் உமரிச் செடி மண்டிக் கிடக்கிறது, இடையிடையே நண்டு வளை. ஓரத்து அலையாத்தி வேர்களில் அனல்மின் நிலையச் சாம்பல். விரலால் வழித்தால் மாவாக வருகிறது. கூட வந்த மீனவ அண்ணன், "இங்கதான் கையால இறால் தடவுவோம்" என்றார். அதையும் குறிப்பில் சேர்த்தேன். எந்த வரைபடத்திலும் இது இருக்காது.

ஈரநில விதி இதைக் காப்பாற்றாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். 2017 விதிகள் ஆற்றுத்தடம், உப்பளம், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் (கடலோரத்தில் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி, CRZ) வரும் நிலம் எல்லாவற்றையும் விட்டுவிடுகின்றன. ஆகவே அந்தக் கடலோர மண்டல அறிவிக்கையைத்தான் பிடிக்க வேண்டும். அலையாத்தியும் சேற்றுத்திட்டும் அதில் முதல் வகை, அதாவது கடுமையான பாதுகாப்பு உள்ளவை.

சரி, அடுத்தது அத்திப்பட்டுப் பக்கம். வற்ற நேரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.