ரகசியத்தைக் கட்டும் மந்திரம்: ஓட்டை எங்கே?

மடைக்காரி:
மூன்று வருடமாக ஒரு மாயக்கதை எழுதுகிறேன். பதினோராவது அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன்.

ஒரு கண்மாய், அதை நம்பி மூன்று ஊர். கரைக்குள் புதைந்த பழைய மடை ஒன்று இருக்கிறது. திறந்தால் கடைசி ஊர் மூழ்கும். அதனால் ஒரு கிழவி மடை இருக்கும் இடத்தை மந்திரத்தால் கட்டி, ரகசியத்தை நீர்க்கட்டியின், அதாவது கண்மாய்த் தண்ணீரைத் திறந்துவிடும் ஆளின், நாக்கில் வைத்துவிடுகிறாள். அவன் வாயால் சொன்னால்தான் அடுத்தவருக்குத் தெரியும். மற்றவர்கள் அந்தக் கல்மேலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டாலும் கண்ணில் படாது.

சரி, அவன் மகள் அப்பாவின் ஈரக் காலடியைப் பார்த்தே பின்னால் போனால்? அவன் எதுவும் சொல்லவில்லையே! அப்புறம், அவன் செத்தால் ரகசியம் யாரிடம் போகும்? “மந்திரம்தானே, எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்” என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை என் தங்கை சொல்லியாகிவிட்டது.

அரிசிப்பானை:
மந்திரம் கட்டுவது நாக்கையா, கண்ணையா? நாக்கை மட்டும் என்றால் மகள் கண்டுபிடிக்கலாம், ஆனால் வெளியே சொல்ல முடியாது. கண்ணை என்றால் ஆடுமாட்டுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஏதோ ஒரு எருமை அந்தக் கல்லில் போய் முதுகைத் தேய்க்கும்.

எங்கள் பாட்டி பணத்தை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் மட்டும் போய் அந்த மூடியை ஒருமுறை தொட்டுப் பார்ப்பார். பேரப்பிள்ளைகள் ஏழு பேருக்கும் தெரியும்.

கணக்குப்பிள்ளை:
ஒரே நாக்கில் ஏன் வைக்க வேண்டும்? ரகசியத்தைப் பங்குபோட 1979இலேயே ஆதி ஷமீர் என்ற மறைக்குறியீட்டு அறிஞர் வழி சொல்லியிருக்கிறார். வரைபடத்தில் ஒரு நேர்கோடு போட்டு, அது செங்குத்து அச்சை வெட்டும் இடத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டில் வேறு இடங்களிலிருந்து ஊருக்கு ஒரு புள்ளி கொடுங்கள். ஒரு புள்ளி வழியாக எத்தனை கோடும் போகும், அதனால் தனி ஊருக்கு ஒன்றும் தெரியாது, அரைகுறையாகக்கூட. இரண்டு புள்ளி சேர்ந்தால் ஒரே கோடுதான். ஒரு ஊர்க்காரர் செத்தாலும் மற்ற இரண்டு பேர் போதும்.

ஆனால் மேலே உள்ள இரண்டு ஊரும் கூடிப் பேசிவிட்டால் கடைசி ஊர் அம்போ. மூன்றும் சேர்ந்தால்தான் என்று வைத்தால், ஒருவர் செத்ததும் மடை என்றைக்கும் திறக்காது. எது வேண்டும் என்று நீங்களே பாருங்கள்.

கோபுரப்புறா:
எனக்கு இந்தப் பூட்டு, சாவி எல்லாம் பிடிக்கவில்லை. திருக்கோஷ்டியூர்க் கதையை நினைத்துப் பாருங்கள். 18 முறை நடக்கவைத்த பிறகே திருக்கோஷ்டியூர் நம்பி என்ற குரு ராமானுஜருக்கு மந்திரத்தைச் சொன்னார், வெளியே சொன்னால் நரகம் என்ற எச்சரிக்கையோடு. ராமானுஜர் கோயில் மேலே ஏறி ஊருக்கே சொல்லிவிட்டார். அவர் நாக்கு எங்கே கட்டப்பட்டிருந்தது? விலைதான் இருந்தது. உங்கள் நீர்க்கட்டியாலும் சொல்ல முடியட்டும். சொன்னால் எதை இழப்பான் என்று எழுதுங்கள்.

மடைக்காரி:
எருமையை எடுத்துக்கொண்டேன், நன்றி! மகள் இனி அதன் பின்னால்தான் போகிறாள். நாக்குக்கட்டு வேண்டாம், விலையே இருக்கட்டும்: சொன்னவருக்கு அன்றிலிருந்து தன் ஊருக்குப் போகும் வழி மறந்துபோகும். பங்குக் கணக்கைப் படித்த பிறகுதான் உறைத்தது, அந்தப் பெண்ணை எந்த ஊரில் கட்டிக்கொடுத்தேன் என்று நான் எழுதவே இல்லை. கடைசி ஊர் என்றால் பத்து அத்தியாயத்தையும் திருத்த வேண்டும். இன்றிரவு உட்காருகிறேன்.